கன்னொறுவையில் ஆராய்ச்சி; கட்டுகஸ்தோட்டையில் இருமல்!

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. பேராதனை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் மாதிரிகளைச் சோதித்தது. குளிரே காரணம் என அரசு அறிவித்தது. அந்நிலையம் இருப்பது கன்னொறுவையில். கட்டுகஸ்தோட்டைக்கு அது சில கல் தொலைவுதான். ஆயினும் அங்குள்ள அறிவு நம் மக்களின் மாட்டுக் கொட்டிலை எட்டியிருக்கிறதா என்று நாம் கேட்கிறோம்.

மலைக்குளிருக்கு அஞ்சி, லயத்தின் பின்புறமுள்ள கொட்டிலைச் சாக்காலும் தகரத்தாலும் இறுக மூடுகிறார்கள். அன்பினால் செய்வதே, ஆனால் கேடு அங்கேதான் தொடங்குகிறது. தேங்கிய மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா நுரையீரலை அரிக்க, மூக்கிலும் தொண்டையிலும் வாளாவிருந்த கிருமிகள் உள்ளே இறங்குகின்றன. முதலிற் சாவது கன்றே. கொட்டிலிற் குனிந்து நிற்பவனுக்குக் கண் எரியுமாயின், அங்கு படுத்திருக்கும் கன்றின் நிலை யாதாகும்? வாடை உடலிற் படாமல் மறைப்பும், கூரையடியிற் காற்றுப் போக்கும், உலர்ந்த தரையும், பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலும் வேண்டும். மூச்சு வாங்கும் மாட்டின் வாயிற் கஷாயம் ஊற்றுவதோ பெருந்தவறு. அது நுரையீரலுக்குட் சென்று உயிரையே குடித்துவிடும்.

மற்றொன்று தொண்டை அடைப்பான். வறண்ட பிரதேசத்து நோயாயினும், அங்கிருந்து வாங்கும் மாடு மாத்தளை வீதி வழியே இங்கு வந்து சேரலாம். நோயின்றித் தோன்றும் மாடும் கிருமியைச் சுமக்கும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் ஓரிரு நாளில் மரணம். அதன்பின் ஊசி தேடி ஓடிப் பயனில்லை. ஆகவே புதிய மாட்டை மூன்று வாரமேனும் தனியே கட்டுக; தடுப்பூசியை மழைக்கு முன்பே போடுவிக்க.

இவ்வளவும் மாட்டுக்காரனின் பொறுப்பென்று சொல்லி அதிகாரிகள் ஒதுங்கிவிட முடியாது. தனக்கென ஒரு பேர்ச் நிலமில்லாத தோட்டத் தொழிலாளி கொட்டிலை எங்கே அகலக் கட்டுவான்? பதின்மூன்றாம் திருத்தம் 1987-இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏட்டில் ஏறிய அம்மொழி மிருக வைத்தியரின் வாயில் ஏற இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்? ஒரு பசுவின் பால் பிள்ளையின் பாடசாலைச் செலவாகும் வீடுகள் இவை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் தமிழறிந்த உத்தியோகத்தரைத் தடுப்பூசியுடன் லயங்களுக்கு அனுப்புதல் வேண்டும். தோட்ட நிருவாகங்கள் கொட்டிலுக்கென நிலம் அளந்து கொடுத்தல் வேண்டும். அடுத்த மழைக்கு முன் இவை நடைபெறுமா?