பெட்டி கொடுத்தால் மட்டும் தேனீ பிழைக்காது

தேனீக்கள் குறைகின்றன என்றதும் அரசுக்கு முதலில் தோன்றுவது மானியத்தில் தேனீப் பெட்டி வழங்குவதுதான். 2020இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெட்டிகள் பெருகியிருக்கும்போது தேனீக்கு என்ன குறை என்று கேட்பவர்களும் உண்டு. பெட்டிக் கணக்கு வளர்ப்பவரின் உழைப்பைத்தான் காட்டும். ஒரு கூட்டம் செத்தால் இன்னொன்றைப் பிரித்து அவர் ஈடுகட்டிவிடுவார். பெட்டியில் அடங்காத மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

தேனீ குறைந்தால் விளைச்சலுக்கு என்ன என்று கேட்டால், நெல்லுக்குத் தேனீ தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பூசணி, தர்பூசணி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தத்தைச் சுமந்துவர பூச்சி இல்லையேல் பிஞ்சு நிற்காது. பூசணிப்பூ விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் வாடிவிடும். தேனீ வரும் அந்த நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால், காய்ப்பைக் காக்கச் செய்த செலவே காய்ப்பைக் கெடுக்கும்.

தேனீ குறைய நோய்தான் காரணம், மருந்தின்மீது ஏன் பழி என்றும் கேட்கலாம். 1990களின் தொடக்கத்தில் மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்பை நிலைகுலைய வைத்தது ‘தாய் சாக்புரூட்’ என்ற வைரஸ்தான். ஆனால் ஒரே பயிர் பூத்து ஓய்ந்தபின் இரை கிடைக்காத கூட்டமும், சிறிது சிறிதாக நஞ்சை உண்ட கூட்டமும் நோயை எப்படித் தாங்கும்? வைரஸைச் சட்டத்தால் தடுக்க முடியாது, மருந்தை முடியும். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோனிகோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. விதையில் பூசினாலும் பூந்தேன்வரை ஏறும் தன்மை கொண்டவை அவை.

மருந்தே இல்லாமல் விவசாயம் செய் என்று கடனில் நிற்கும் விவசாயியிடம் சொல்வது நியாயமல்ல. பூச்சியால் வரும் சேதம் தெளிக்கும் செலவை மிஞ்சும் நிலை வந்தால் மட்டும் தெளிப்பது, பூக்கும் பருவத்தில் தவிர்ப்பது, தவிர்க்க முடியாதபோது மாலையில் அடிப்பது, வரப்பில் எள்ளும் சூரியகாந்தியும் துவரையும் விதைப்பது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. இவற்றை வேளாண் துறை மானியத்தின் நிபந்தனையாக்க வேண்டும். மருந்தடிக்கும் முறை மாறாத ஊரில் மானியப் பெட்டி வைப்பது வரிப்பணத்துக்கும் கேடு, தேனீக்கும் கேடு.