நமக்கு எதுக்குய்யா ஐ7?

"மாப்ள, லேப்டாப் வாங்கப் போறேன், ஐ7 எடுக்கவா?" வாரம் ஒருத்தனாவது கேக்குறான். அடேய், நாம படிக்கிறது பி.காம்! டேலிக்கும் எக்ஸலுக்கும் எதுக்கு ஐ7?

கடைக்காரர் ரேம், எஸ்எஸ்டி எல்லாம் ஒப்பிப்பார். திரை எத்தனை நிட்ஸ்னு கேளுங்க, முழிப்பார். மலிவு மாடல்களில் பெரும்பாலும் 250தான். பாஞ்சாலங்குறிச்சி வெயில்ல திண்ணையில உட்கார்ந்தா லெட்ஜர் தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ 1366x768 திரை சகஜம். இன்னிக்குக் காசு கொடுத்து ஏன் அதையே வாங்கணும்? 1920x1080 எடுத்தா எக்ஸலில் ஸ்க்ரோல் பண்றது குறையும்.

அடுத்து சூடு. ஃபேன் ஊதுறது அறைக் காத்தைத்தான். அறையே 37 டிகிரின்னா அது என்ன பண்ணும்? இன்டெல் சிப்கள் பலவும் 100 டிகிரியை நெருங்கினா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். மெல்லிசு பாடியில ஐ7 வாங்கினவன் ஐ7க்குக் காசு கொடுத்து ஐ5 ஓட்டுறான். (வீடியோ எடிட்டிங் பண்றவங்க மன்னிக்க.) போதாததுக்கு நம்ம ஊர்த் தூசி வேற, மெத்தை மேல வெச்சு அடிப்பக்கக் காத்துத் துளையை அடைக்கிற பழக்கம் வேற.

கடையிலேயே வெளிச்சத்தை முழுசா வெச்சு அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்க. கீபோர்டுக்கு மேல கை வெச்சுப் பாருங்க. முறைச்சார்னா அடுத்த கடை.