கிணற்று நீரும் மென்னீர்க் கருவியும்

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா வட்டாரங்களில் கிணற்று நீரையோ ஆழ்துளை நீரையோ நம்பி வாழும் குடும்பங்களில் இந்நாளில் ஒரு கேள்வி எழுந்த வண்ணம் உள்ளது. வீட்டுக்கு மென்னீர்க் கருவி வாங்கலாமா, வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது என்பதே அக்கேள்வி. கீசரின் கம்பிச் சுருளில் சுண்ணம் படிந்து அது விரைவில் பழுதாகிவிடுகிறது. சோப்பு நுரைக்க மறுக்கிறது. துவரம் பருப்போ, அடுப்பில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மலர்வதில்லை. தலை குளித்த பெண்மக்கள் படும் பாட்டை அவர்களே அறிவர். எனவே கருவி விற்போர் வாசலுக்கு வரும்போது இல்லத்தரசியர் ஆவலோடு செவி சாய்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். நம் ஊர்களில் வாய்க்கு ஒவ்வாத நீர் எல்லாவற்றையும் 'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே பெயரால் அழைத்து விடுகிறோம். உண்மையில் இரு வேறு குறைகள் இப்பெயருக்குள் மறைந்திருக்கின்றன. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பது கடினத்தன்மை. பருப்பை வேகவிடாததும், பாத்திரத்தில் வெள்ளை பூக்கச் செய்வதும் அதுவே. நாவில் கரிப்பதோ பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. மென்னீர்க் கருவி முதலாவதை மட்டுமே நீக்கும். கரிப்பை அது சிறிதும் குறைப்பதில்லை. கரிக்கும் கிணற்றுக்கு இக்கருவியை வாங்கியவர்கள் பின்னர் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதற் செலவு கருவிக்கன்று, நீர்ப் பரிசோதனைக்கே ஆக வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் வேலூரிலேயே இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் நீரைச் சோதித்துக் கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாவிடில் 600 வரை பொறுத்துக் கொள்ளலாம். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவுக்கு இவ்வெல்லைகள் முறையே 500, 2,000. கடைக்காரர் பேனா போன்ற ஒரு கருவியை நீரில் தோய்த்து 'டி.டி.எஸ். இவ்வளவு' என்று காட்டுவாரே, அது இந்த மொத்த அளவைத்தான் காட்டும். கடினத்தன்மையை அது தனியே பிரித்துக் கூறாது.

இனிக் கருவியின் உள்ளே நடப்பதைக் காண்போம். சிறு மணிகளாலான பிசின் ஒன்று உருளையில் நிரப்பப்பட்டிருக்கும். கடின நீர் அதனூடே செல்கையில் கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ள, அவற்றுக்கு ஈடாகச் சோடியம் நீரில் இறங்கும். மணிகள் நிரம்பியபின் உப்புக் கரைசலைச் செலுத்திக் கழுவினால் பிசின் மீண்டும் பழைய நிலைக்கு வரும். எலிசேயு தீர்க்கதரிசி எரிக்கோவின் ஊற்றில் உப்பைப் போட்டு அந்நீரைக் குணமாக்கினார் என்று வேதாகமத்தில் வாசிக்கிறோம். அங்கே ஒரு கிண்ணத்து உப்பு போதுமாயிருந்தது. இங்கே எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

ஐவர் கொண்ட குடும்பம் குளிக்கவும் துவைக்கவும் நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவிடுவதாகக் கொள்வோம். கடினத்தன்மை 600 எனில், நாள்தோறும் 300 கிராம் சுண்ணத்தை நீக்க வேண்டும். 25 லிட்டர் பிசின் உள்ள கருவி ஏறத்தாழ 1,200 கிராம் தாங்கும். எனவே நான்கு நாளுக்கொரு முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று முதல் நான்கு கிலோ உப்பு வேண்டும். திங்களுக்கு 25 கிலோ, ஆண்டுக்கு 300 கிலோ. ஐம்பது கிலோ மூட்டைகள் ஆறு!

அந்த ஆறு மூட்டை உப்பும் எங்கே போகிறது? கழுவிய நீரோடு கலந்து வீட்டுச் சாக்கடைக்கும் உறிஞ்சு குழிக்கும் போகிறது. நம் பகுதி பாறை நிலம். வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் நம் கிணற்றுக்கோ அண்டை வீட்டார் கிணற்றுக்கோ வந்து சேரக்கூடும். உப்பு மண்ணில் மக்கி அழியும் பொருளன்று.

உப்பினால் நீர் கெட்ட வரலாற்றை நமக்கு எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் கெடாதிருக்க இடப்பட்ட உப்பு, தோல் பதனிடும் சாலைகளின் கழிவோடு பாலாற்றுப் படுகையில் சேர்ந்து, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் எத்தனையோ கிணறுகளைப் பாழாக்கியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போனதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதன் பின்னும் குறை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. அவ்வாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைத்துப் பிழைப்போர் நம் குடும்பங்களில் பலர். எனவே அத்தொழிலை வெறுப்பது நம் நோக்கமன்று. பெரிய ஆலை செய்ததை வீடுதோறும் சிறு அளவில் செய்யப் போகிறோமா என்றே கேட்கிறோம்.

வாங்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் மென்னீர் பேருதவியே. ஆனால் குளியலறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் அதனை இணைத்தல் வேண்டும். தோட்டத்துக்கு மென்னீரைப் பாய்ச்சலாகாது. சோடியம் மண்ணை இறுகச் செய்துவிடும். கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் பழைய நீரே நல்லது. குறிப்பிட்ட நாளுக்கொரு முறை தானே கழுவிக்கொள்ளும் கருவியைவிட, செலவான நீரை அளந்து தேவைப்படும்போது மட்டும் கழுவும் கருவி உப்பை மிச்சப்படுத்தும். கடினத்தன்மையைச் சுழி அளவுக்குக் கொண்டுவரவும் தேவையில்லை. சிறிது கிணற்று நீரைக் கலந்துவிடும் வால்வு இருந்தால் 150 அளவில் நிறுத்தலாம். உப்பில் கால் பங்கு குறையும். நீர் கலங்கலாகவோ இரும்புச் சத்தோடோ வந்தால் பிசின் சீக்கிரமே கெடும் என்பதால், முன்னதாக மணல் வடிகட்டி அவசியம். காந்தத்தாலும் மின்னணு முறையாலும் நீரை மென்மையாக்குவதாகக் கூறும் சாதனங்களும் வருகின்றன. அவை கால்சியத்தை நீரிலிருந்து வெளியேற்றுவதில்லை. முன்னும் பின்னும் கடினத்தன்மையைச் சோதித்தால் எண் மாறாது.

குடிப்பதற்கு மென்னீரைப் பயன்படுத்துவது தகாது, சிறப்பாக இரத்தக் கொதிப்பு உள்ளோர்க்கு. 600 அளவுள்ள கடின நீரை முற்றிலும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் சேரும். மூன்று லிட்டர் பருகுபவர் உடலில் 800 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். உலக நலவாழ்வு அமைப்பு நாள் முழுதுக்கும் 2,000-க்குள் நிறுத்தச் சொல்கிறது. மேலும் பாறை நீரில் இருக்கக்கூடிய புளோரைடையும், கிருமிகளையும் இக்கருவி அகற்றாது. குடிநீர் கரித்தால் சமையலறையில் சிறு ஆர்.ஓ. கருவி ஒன்று போதும். அது ஒதுக்கித் தள்ளும் நீரைக் கழிப்பறைக்கு வைத்துக் கொள்ளலாம்.

செலவில்லாத மென்னீர் ஒன்றுண்டு, அது மழை. தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை எல்லாரும் அறிவோம். குழாய் உடைந்து குழி தூர்ந்து கிடக்கும் வீடுகளும் பல. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் நீர் விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டு, பின்வருவதை மூடிய தொட்டியில் பிடித்து, கிணற்று நீரோடு சரிபாதி கலந்தால் 600 என்பது 300 ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் அத்தொட்டி நிரம்பியிருக்கும் வரை கருவிக்கு உப்பு இட வேண்டியதில்லை. பருப்பும் அந்நீரில் நன்றாக வேகும்.