தூர தேசத்துக் கலைஞரும் மட்டக்களப்புச் சிறுவரும்

போரால் நொந்த நாட்டிற்கு உதவ வருவோர் அரிசியும் மருந்தும் கூடாரத் துணியும் கொண்டுவருதல் வழக்கம். பசித்த வயிற்றுக்குச் சோறும் புண்ணுக்கு மருந்தும் முதலில் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தை இழுத்துச் செல்லப்பட்டதைக் கண்ணால் கண்ட குழந்தை, உண்டு உடுத்த பின்னும் வாய் திறவாது ஒரு மூலையில் அமர்ந்திருக்கின்றதே, அதற்கு எதைக் கொடுப்பது? வண்ணமும் களிமண்ணும் முகமூடியும் கதையுமாகக் கடல் கடந்து வரும் சிலர் இக்கேள்விக்கே விடை தேடி வருகின்றனர். அவர்தம் பணியைக் குறித்து இம்மாதம் வாசக அன்பர்களோடு சிறிது சிந்திக்க விழைகிறோம்.

இது புதிய பணியன்று. 1936 முதல் 1939 வரை ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. குண்டுவீச்சினின்று அப்புறப்படுத்தப்பட்ட சிறுவர்கள் தாங்கள் தங்கியிருந்த விடுதிகளில் படங்கள் வரைந்தனர். அவற்றுள் 60 படங்கள், குவேக்கர் சபையாரின் நிவாரணப் பணிக்கென 1938-இல் அமெரிக்காவில் நூலாக வெளியிடப்பட்டன. ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி அதற்கு முன்னுரை எழுதினார். வீட்டையும் மரத்தையும் வரையவேண்டிய பிள்ளைகள், அவ்வீட்டின்மேல் பறந்து வந்த போர் விமானங்களையும் வரைந்திருந்தனர். சொல்லற்றுப்போன பிள்ளைக்கும் கை உண்டு என்பதை உலகம் அன்று கண்டது. எனினும் படத்தைக் கண்டு உலகத்தார் இரங்குவது ஒன்று. அதை வரைந்த பிள்ளையின் மனம் ஆறுவது மற்றொன்று. பின்னதற்கு என்ன வேண்டும் என்பதை, நம் மொழி பேசும் மட்டக்களப்பு மண்ணில் நடந்த ஒரு முயற்சி நமக்குக் காட்டுகின்றது.

மீன் பாடும் வாவிக்குப் பேர்போன அந்த இலங்கைக் கிழக்குக் கரையில், தமிழர் ஊரும் முஸ்லிம்கள் ஊரும் அடுத்தடுத்து அமைந்தவை. 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 அன்று, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5-ஆம் நாள், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழருள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்கள் வீடு திரும்பவில்லை. இவ்வாறு இரு சமூகத்துப் பிள்ளைகளும், அடுத்த ஊரான் என்றாலே அஞ்சும் அச்சத்தோடு வளர்ந்தனர்.

இந்நிலையில் 1996-இல் மட்டக்களப்பு நகரில் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தோன்றியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகன். டொராண்டோ நகரில், மாற்றுத்திறன் கொண்ட சிறுவரும் ஏனைய சிறுவரும் ஒன்றாகச் செடி நட்டுச் சித்திரம் தீட்டும் தோட்டமொன்றை முன்னரே அமைத்து அனுபவம் பெற்றவர் அவர். மற்றொருவர் அம்மண்ணைச் சேர்ந்த இயேசு சபைக் குருவும் உளவள ஆலோசகருமான அருட்தந்தை பால் சற்குணநாயகம். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் தத்தம் ஊர்களிலிருந்து பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். வாரத்தில் ஒரு நாளாக ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அவர்கள் வந்துபோயினர். களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், வேடம் கட்டினர், கதை புனைந்து கூத்தாக நடித்தனர்.

அங்கே ஒரு முக்கியமான கட்டுப்பாடு இருந்தது. "உனக்கு என்ன நேர்ந்தது? சொல்" என்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தவில்லை. பிள்ளை களிமண்ணால் ஒரு மிருகத்தைச் செய்து, அதை உடனே நசுக்கினாலும், ஏன் நசுக்கினாய் என்று குறுக்கு விசாரணை இல்லை. பெரியவர் அருகில் அமர்ந்து தாமும் மண் பிசைந்தால் போதும். கட்டாயத்தால் கறக்கப்படும் கண்ணீர் புண்ணை ஆற்றாது, கீறிவிடும். சொல்லவேண்டியதைப் பிள்ளை தனக்கு ஏற்ற வேளையில், ஒருவேளை அரக்கன் கதையாகவோ தொலைந்த பறவையின் கதையாகவோ சொல்லும். அவ்வேளைவரை காத்திருக்கும் பொறுமையே இக்கலைப்பணியின் உயிர்நாடி.

இந்தப் பொறுமையின் அருமை பின்னர் நன்கு விளங்கிற்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபின், உதவி நிறுவனங்கள் பல திரண்டு வந்தன. வந்தோர் எல்லாரும் நல்லெண்ணத்தோடே வந்தனர். ஆனால் சில நாள் தங்கி, அலையை வரையச் சொல்லி, படத்தை வாங்கிக்கொண்டு போகும் பணி பிள்ளைக்கு என்ன நன்மை செய்யும்? ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், துயருற்றவரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையைத் தவிர்க்குமாறு கூறுகின்றன.

வெளிநாட்டிலிருந்து வரும் பணியாளரின் நிலை இருபுறமும் கூரான கத்தி போன்றது. அவர் தமிழரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். ஆகவே இரு சாராரும் அஞ்சாமல் தம் பிள்ளைகளை அவரிடம் விட முடிகின்றது. அது அவருக்குள்ள பலம். ஆனால் அவ்வூரின் தாலாட்டும் ஒப்பாரியும் அவருக்குப் பழக்கமில்லை. எந்த வீட்டில் எவர் காணாமற்போனார் என்பதும் அவருக்குத் தெரியாது. அன்றியும், பணமோ அனுமதிக் காலமோ முடிந்தால் அவர் விமானம் ஏறியே தீரவேண்டும். ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளை, அன்று இன்னொருவரையும் இழக்கின்றது. ஆதலால் அவர் கொண்டுவரும் கலையைவிட, அதை அவர் யார் கையில் விட்டுச் செல்கின்றார் என்பதே பெரிது. மட்டக்களப்புப் பூங்காவில் நாள்தோறும் பிள்ளைகளோடு அமர்ந்தவர்கள் அம்மண்ணின் இளைஞரும் இளம்பெண்களுமே. அவர்களும் போரின் துயரை அறிந்தவர்களே. கனடா நாட்டவரின் கலையும் உள்ளூர்க் குருவின் மன அறிவும் இவ்விளைஞரின் உழைப்பும் ஒன்றுகூடியதால்தான் பூங்கா வேர் பிடித்தது.

1989-இல் ஐ.நா. ஏற்ற சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டையும் கலையையும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கின்றது. அவ்வுரிமை போர் நடந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. தாயை இழந்த பிள்ளை, குடிகாரத் தந்தைக்கு அஞ்சும் பிள்ளை, பெற்றோர் பிழைப்புக்கென வெளியூர் சென்றுவிட விடுதியில் தங்கும் பிள்ளை ஆகியோர் நம் பங்குகளிலும் உண்டு. ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் ஒரு மணிநேரம், சிறிது களிமண், சில வண்ணக்கட்டிகள், கேள்வி கேளாது அருகில் அமரும் ஒரு பெரியவர்: இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் தவறாது வருவேன் என்ற உறுதியே தேவை. வெளிநாட்டார் வந்து போவர். நாம் இங்கேயே இருப்பவர்கள்.