கருவேலங்கிளையும் அப்பாவோட சர்க்கரையும்

போன தீபாவளிக்கு குமாரலிங்கபுரம் போயிருந்தப்ப அப்பா கேட்டார். "அரிசியைக் குறைச்சாச்சு, காபியில சீனி கிடையாது. பெறகும் சர்க்கரை ஏன்டா எறங்க மாட்டேங்குது?" இன்ஜினியரிங் படிச்ச பையன் இல்லையா, எல்லாம் தெரியும்னு நினைப்பு. எனக்குத் தெரிஞ்சது ஜாவா மட்டும்தான் :-)

தேடிப் படிச்சப்ப, பதில் பாலிமர்ல போய் நின்னுச்சு. பாலிமர்னா நமக்கு பிவிசி பைப், ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதானே. ஆனா நம்ம தசைக்குள்ளயே ஒண்ணு இருக்கு, கிளைக்கோஜன். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்து, ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டுக்கு ஒரு கிளை விட்டு நிக்கிற மரம். சாப்பிட்ட சர்க்கரையில கணிசமான பங்கு அங்கதான் போய்ச் சேரணும்.

அதை உடம்பைக் கீறாம அளக்க முடியுமா? காந்தத்துக்குள்ள வச்சு ரேடியோ அலையால அணுக்கருவைத் தட்டினா, அது பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் இதுதான் அடிப்படை. மெதுவா அசையிற கனத்த மூலக்கூறுன்னா சிக்னல் சட்டுனு செத்துப்போகும், கோடு அகலமாகி மறைஞ்சிடும். கிளைக்கோஜனோட மூலக்கூறு எடையோ கோடிக்கணக்குல. கண்ணுக்கே தெரியக்கூடாது. ஆனா தெரிஞ்சுது! 1983ல சில்லரூடும் ராபர்ட் ஷுல்மனும் கல்லீரல் கிளைக்கோஜன் கிட்டத்தட்ட முழுசாவே சிக்னல் தருதுன்னு காட்டினாங்க. காரணம், முழு மூலக்கூறு மெதுவாச் சுத்தினாலும் உள்ள இருக்கிற துண்டுகள் நானோ செகண்ட் கணக்குல ஆடிக்கிட்டே இருக்கு. எங்க ஊர் சீமைக்கருவேலம் மாதிரி. காத்துக்கு அடிமரம் அசையாது, கிளை நுனி சும்மா இருக்காது.

இந்த ஆட்டம் இல்லேன்னா அடுத்த கதையே இல்லை. 1990ல ஜெரால்டு ஷுல்மன் (பேர்தான் ஒண்ணு, ஆள் வேற) குழு சர்க்கரை நோயாளிகளோட கெண்டைக்கால் தசையை இப்படி அளந்தாங்க. இன்சுலினும் குளுக்கோஸும் சமமா ஏத்தியும், கிளைக்கோஜன் சேர்ற வேகம் மத்தவங்களுக்கு இருந்ததுல பாதி கூட இல்லை. 1996ல அதே குழு, இன்னும் நோய் வராத, ஆனா அப்பா அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிற ஆளுங்களை ஆறு வாரம் படியேற வச்சுது. சேர்ற வேகம் நல்லாவே கூடிச்சு, முதல் தடவை ஏறினதுக்கு அப்புறமே.

அதனால தட்டை மட்டும் குத்தம் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. சோத்துக்கு அளவு வேணும், மாத்திரையை நிறுத்தக்கூடாது, சரி. ஆனா 'என்ன சாப்பிடக்கூடாது'ன்னு ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு, 'நடங்க'ன்னு கடைசி வரியில சின்னதாப் போடுறோம் பாருங்க, அந்த வரிசை தப்பு. வந்து சேர்ற சர்க்கரையை வாங்கி வைக்கிற தசை சும்மா கிடந்தா பட்டினி கிடந்து எத்தனை நாள் சமாளிக்க? நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில இருக்கிற நானும் அந்த 1996 பட்டியல்ல சேர்ற ஆள்தான். லிஃப்டை விட்டு மூணு வாரமாச்சு.

எல்லாத்தையும் அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை.

"அப்ப அந்த மாட்டை விக்காம இருந்திருக்கணும்டா" என்றார்.