நாயோடு ஓடலாம், நாய் இல்லாமலும் ஓடலாம்

மலையோட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு நாயைவிட நல்ல கூட்டாளி கிடையாது. இதை யாரோடும் வாதாட நான் தயார். ஆனால் ஒரு பெண் ஓடுவதென்றால் நாய் கட்டாயம் பக்கத்தில இருக்கவேணும் என்று எங்கட ஆட்கள் நினைக்கிறதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பெயரில் மலை இருக்கிறது கீரிமலைக்குத்தான். அங்கே போனால் கேணியும் கடலும்தான் இருக்கும். பேராதனைக்குப் படிக்க வந்த பிறகுதான் ஏற்றம் என்றால் என்னவென்று காலுக்குத் தெரிந்தது. கம்பஸுக்கு மேலே நிற்கிற ஹந்தானைத் தொடரின் உயரமான இடங்கள் 1,100 மீற்றரைத் தாண்டுகின்றன. இந்த முறை ஒரு மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கூட ஓடுவது போர்டிங் வீட்டு நாய் பிறவுணி. நாட்டு நாய், மூன்று வயது.

தட்டைத் தரையில் ஓடிப் பழகியவர்கள் ஏற்றத்தையும் அதே வேகத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டிவிடும். ஏற்றத்தில் வேகம் முக்கியமில்லை, சீராக உழைக்கவேணும். அடியைக் குறுக்கவேணும், சரிவு கூடினால் வெட்கப்படாமல் நடக்கவேணும். நாய் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறது. கொஞ்சம் ஓடும், மணம் பிடிக்க நிற்கும், நடக்கும், திரும்பப் பாயும். இப்படி மாறி மாறி ஓடுவதற்குப் பயிற்சியாளர்கள் ஃபார்ட்லெக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவீடன் மொழியில் 'வேக விளையாட்டு' என்று அர்த்தம். பிறவுணிக்குப் பெயர் தெரியாது, விளையாட்டுத் தெரியும்.

ஆனால் நாய் ஒரு மெஷின் இல்லை. எங்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்வை, சூட்டை இளைத்து இளைத்துத்தான் வெளியேற்றவேணும். அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே 38 பாகைக்கு மேல். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் எங்கட ஓட்டம் விடியற்காலையில்தான். வெயில் ஏறிவிட்டால் புறங்கையைத் தார் றோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. எலும்பு வளர்ந்து முடியாத குட்டிகளைத் தூரம் ஓட்டக்கூடாது. விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கவேணும். காட்டுப் பாதையில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது ஞாபகமிருக்கும். பன்றிக்கு என்று வைக்கிற கண்ணிக்குச் சிறுத்தையும் நாயும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். ஏற்றத்தில் நாய் இழுத்தால் எங்களுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த பலம் எங்கட காலுடையது இல்லை. இறக்கத்தில் இழுத்தால் அதைவிட மோசம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அடுத்த நாள் விரிவுரை மண்டபத்துப் படி இறங்க முடியாமல் நோவது அதனால்தான். அந்த நேரத்தில் இடுப்பில் ஒரு இழுவையும் சேர்ந்தால் விழுகிறதுதான் மிச்சம். போட்டிக்குப் பிறவுணி வரப்போவதில்லை. ஆகவே சில நாட்கள் தனியாகவும் ஓடித்தான் ஆகவேணும்.

பிரச்சினை தொடங்குவது அங்கேதான். பிறவுணியோடு போனால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. தனியாகப் போனால் மோட்டார்சைக்கிள் ஸ்லோ ஆகிறது. "தங்கச்சி, ஆரும் துரத்துறாங்களோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அம்மா போனில் "சாப்பிட்டனியோ" என்று கேட்க முதல் "நாயைக் கூட்டிக்கொண்டோ போனனி?" என்று கேட்கிறா. எங்கட பட்ச் பெடியள் அதே றோட்டில் இரவு எட்டு மணிக்கும் ஓடுகிறார்கள். அவர்களிடம் நாய் எங்கே என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

"பாதுகாப்புக்குத் தானே சொல்லுகினம், அதில என்ன பிழை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருட்டில் பிறவுணி பக்கத்தில் வருவது எனக்கும் தெம்புதான். ஆனால் இந்தக் கவலை பாதுகாப்பைப் பற்றியது மட்டும்தான் என்றால், மலையகத் தோட்டங்களில் இதே மாதிரிச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிற பெண்களைப் பற்றியும் இவர்கள் கவலைப்பட்டிருக்கவேணும். அங்கே குளவி கொட்டுகிறது, அட்டை கடிக்கிறது, மழையில் வழுக்குகிறது. அவர்களோடு துணைக்கு யார் போகிறார்கள் என்று இவர்கள் கேட்பதில்லை. ஏனென்றால் அது வேலை. பெண் சம்பளத்துக்காக மலை ஏறினால் கேள்வி இல்லை, தன் விருப்பத்துக்காக ஏறினால் மட்டும் ஆயிரம் கேள்வி. அப்போ இவர்களை உறுத்துவது ஆபத்து மட்டுமில்லை, காரணமில்லாமல் வெளியே நிற்கிற பெண்ணும்தான்.

துணை என்பது அனுமதிச் சீட்டாக மாறுவதுதான் எனக்குப் பயம். முன்பு அண்ணா, பிறகு தம்பி, இப்போது நாய். பிறவுணிக்குக் காலில் முள் குத்தினால் அன்றைக்கு என் றோட்டும் மூடவேணுமா? அதற்கு வயது போனால்? என் சுதந்திரத்தை ஒரு நாயின் கழுத்தில் கட்டுவது நாய்க்கும் அநியாயம். அது வருவது மணம் பிடிக்க, காவல் காக்க இல்லை.

செய்யக்கூடியது இருக்கிறது. எரியாத தெருவிளக்குகளைப் பற்றி முறைப்பாடு கொடுக்கலாம். பெட்டையள் நாலைந்து பேர் சேர்ந்து ஓடத் தொடங்கலாம். றோட்டுக்கு எங்களைப் பார்த்துப் பழகவேணும். பெடியளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பைக்கை ஸ்லோ பண்ணுகிறவன் உங்கட நண்பன் என்றால், சிரிக்காமல் அவனைக் கேளுங்கள். அதைப் பிறவுணியால் செய்ய முடியாது. உங்களால் முடியும்.