சாத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது

எனக்குச் சாத்தான் மேல் நம்பிக்கை இல்லை. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று சொல்பவனை 'அலகை' என்கிறார் வள்ளுவர். அலகை என்றால் பேய். அந்தக் கணக்கில் நானே ஒரு பேய்தான். இருக்கட்டும். சாத்தான் உண்டா இல்லையா என்பதைவிட, சாத்தான் இருந்தால் யாருக்கு வசதி என்பதுதான் என் கேள்வி.

2018 நவம்பர். ஒசூர் பக்கத்துச் சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த ஓர் இளைஞரும் பெண்ணும் அந்த ஆகஸ்டில்தான் கல்யாணம் செய்துகொண்டு ஒசூரில் குடியிருந்தார்கள். அவர் பட்டியல் சாதி, அந்தப் பெண் வன்னியர். நவம்பர் 10 அன்று இருவரையும் ஒசூரிலிருந்து காரில் ஏற்றிப் போனார்கள். சில நாளில் கர்நாடகாவில் மண்டியா மாவட்டம் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் உடல்கள் மிதந்தன. கை கால் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணின் தலை மழிக்கப்பட்டிருந்தது. இளைஞரின் டிஷர்ட்டில் அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும் இருந்ததால்தான் கர்நாடகப் போலீசுக்கு அடையாளம் தெரிந்தது. பெண்ணின் அப்பாவும் உறவினர்களும் கைதானார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் நாம் என்ன சொல்வோம்? "மனுஷனா அவன்? பேய் புடிச்சவன்." "உள்ள சாத்தான் புகுந்துட்டான்." டிவியில் 'மிருகம்', 'அரக்கன்' என்று ஸ்க்ரோல் ஓடும். கோபத்தில் வரும் வார்த்தைகள்தான், புரிகிறது. ஆனால் அவை செய்யும் வேலையைப் பாருங்கள். செய்தவனை மனுஷ ஜாதியிலிருந்தே தூக்கி வெளியே போட்டுவிடுகின்றன. அவன் வெளியே போய்விட்டால் உள்ளே இருக்கிற நாமெல்லாம் சுத்தம்.

இந்தக் கொலைக்கு என்னவெல்லாம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு பேரும் இருக்கும் இடம் தெரிய வேண்டும். கார் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும், வண்டிக்கு எண்ணெய் வேண்டும். மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். கயிறு வேண்டும், தலையை மழிக்கக் கத்தி வேண்டும். ஒசூரிலிருந்து சிவனசமுத்திரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். "ஆத்திரம் கண்ணை மறைச்சிடுச்சு" என்பார்கள். இந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், கண்ணை மறைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் போக முடியாது. சாத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டியது மனுஷன்.

முற்போக்கு நண்பர்கள் இங்கே குறுக்கே வருவார்கள்: "சாதிதான்யா சாத்தான்." மேடையில் 'சாதிப் பேய்' என்று சொன்னால் கைதட்டும் கிடைக்கும். இதுவும் அதே தந்திரம்தான். பேய்க்கு முகவரி கிடையாது, ஆதார் கார்டு கிடையாது. சாதிக்கு உண்டு. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரிடம் "உங்க பொண்ணு எங்க இருக்கு இப்போ?" என்று எல்லாம் தெரிந்துகொண்டே கேட்கிற பெரியப்பாவின் முகம்தான் அதன் முகம்.

ஹன்னா அரெண்ட் 1961இல் ஜெருசலேமில் ஐக்மன் விசாரணையைப் பார்க்கப் போய், அரக்கனைக் காணாமல் ஒரு சாதாரண அதிகாரியைக் கண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐக்மன் "மேலே உத்தரவு" என்றான். நம் ஊர்க் கொலையில் ஆபீஸ் இல்லை, கோப்பு இல்லை. அப்போ உத்தரவு போட்டது யார்? தமிழில் அந்த மேலதிகாரிக்குப் பெயர் இருக்கிறது: நாலு பேர். "நாலு பேர் என்ன சொல்வாங்க." அந்த நாலு பேர் கத்தி எடுப்பதில்லை. கேட்பதோடு சரி. கேட்டுவிட்டு ரசம் வாங்கிச் சாப்பிட்டுப் போய்விடுவார்கள்.

நம் நாட்டார் மரபு இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. கிராமத்துக் கதைகளில் பேய் என்பது பெரும்பாலும் அகாலத்தில் செத்த உயிர், கொல்லப்பட்ட உயிர். ஆரியமாலாவைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனும், மாறு கால் மாறு கை வாங்கப்பட்ட மதுரை வீரனும் இன்று சாமிகள். ஒசூர்க்காரர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். தமிழில் தெய்வம் என்பது தெலுங்கில் 'தெய்யம்' ஆகும்போது பேய். கன்னடத்துத் 'தெவ்வ'வும் பேய்தான். மூன்று மொழி பேசும் இந்த எல்லையில் பேய்க்கும் சாமிக்கும் நடுவே ஓர் எழுத்துதான் தூரம். கொன்றவனைப் பேய் என்று சொல்லும் வழக்கம் அந்தக் கதைகளில் இல்லை. செத்தவன்தான் திரும்பி வந்து கணக்குக் கேட்பான். நாம் அதைத் தலைகீழாக்கி, கொன்றவனுக்குப் பேய்ப் பட்டம் கொடுத்து, கணக்கையே மூடிவிட்டோம்.

மூடியது மூடியபடி இருந்ததா? 2023 மார்ச்சில் கிருஷ்ணகிரி அணை அருகே பட்டப்பகலில், மகள் விரும்பிக் கட்டிய மாப்பிள்ளையை மாமனார் தரப்பு வெட்டிக் கொன்றது. அடுத்த மாதமே ஊத்தங்கரை பக்கம் ஒரு தகப்பன், பட்டியல் சாதிப் பெண்ணைக் கட்டிய மகனையும், அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த தன் சொந்தத் தாயையும் கொன்றான். அந்தப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். அதே ஊர், அதே சாதி, அதே நாலு பேர். அவர் கதவைத் திறந்தார். "சாத்தான் புகுந்துட்டான், அவன் என்ன பண்ணுவான்" என்ற வாதம் அந்தத் திறந்த கதவின் முன் நிற்காது. திறக்க முடியும் என்பதற்கு அந்தக் கிழவி சாட்சி.

சட்டத்துக்கு இந்த நாலு பேரைத் தெரியாமல் இல்லை. 2012இல் மத்தியச் சட்ட ஆணையம் தன் 242ஆவது அறிக்கையில், ஒரு திருமணத்தைக் கண்டிக்கக் கூட்டம் கூடுவதையே குற்றமாக்கச் சொன்னது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படி மிரட்டப்படும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றது. அது வந்து எட்டு மாதத்தில்தான் காவிரியில் அந்த உடல்கள். தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில்தான் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. சட்டம் வரட்டும். ஆனால் எந்தச் சட்டமும் பந்தியில் வந்து உட்காராது.

பந்தியில் உட்காருவது நான். போன வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எதிர் வரிசையில் ஒருவரிடம் யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கேட்கப்பட்டவர் பதில் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

அன்று அங்கே சாத்தான் யாரும் வரவில்லை. நாலு பேர் இருந்தோம்.